மலைவழி கூறுவார் கடன்

தாம் சென்று வந்த வழியைப் பின் வருவார்க்கு எடுத்துரைத்தல் தமிழ்மக்கள் பண்டுதொட்டுப் போற்றிவந்த கடன்களுள் ஒன்று. அக்கடனையே ஓர் இலக்கிய வகையாக்கி, ஆற்றுப்படை எனப் பெயரும் இட்டு வைத்தனர் நம் முன்னோர். வழி கூறுதல் எளிய செயலன்று. கூறுவோன் சொல்லை நம்பிக் கேட்போன் தன் காலையும் உயிரையும் அவ்வழியிலே வைக்கின்றான். ஆதலின், வழி கூறுவார் எவற்றைக் கூறவேண்டும், எவற்றை மறைத்தலாகாது என்பது ஆராய்தற்குரிய பொருளாம்.

பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய மலைபடுகடாம் இதற்கு நல்லதோர் அளவுகோல். பெருங்கௌசிகனார் பாடிய அந்நூல் கூத்தராற்றுப்படை எனவும் வழங்கும். நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன், வறுமையோடு எதிர்ப்பட்ட மற்றொரு கூத்தனை அவனிடம் செல்லுமாறு ஆற்றுப்படுத்துவதே அதன் பொருள். 583 அடிகளையுடைய அந்நூலில், போய்ச்சேரும் அரண்மனையினும் போகும் மலைவழியே மிகுதியாகப் பேசப்படுகின்றது. அருவியும் சோலையும் மலையில் எழும் பல்வேறு ஓசைகளும் கூறப்படுகின்றன. இஃது எழில். வழுக்கும் இடம், பாம்பு உறையும் இடம், புனங்காப்போர் எறியும் கவண்கல் ஆகியனவும் கூறப்படுகின்றன. இஃது இடர். அம்மலையில் வாழ்வார் யாவர், அவர் விருந்தோம்புமாறு யாது, வணங்கிச் செல்லவேண்டிய தெய்வமும் நடுகல்லும் எவை என்பனவும் கூறப்படுகின்றன. இஃது உரிமை. எழில், இடர், உரிமை என்னும் இம்மூன்றையும் கூறுவதே முழுமையான வழிகூறல் என்பதும், மூன்றில் ஒன்றை மட்டும் கூறுவது பின் வருவாரை ஏமாற்றுதல் போலும் என்பதும் எமது துணிபு.

இத்துணிபை நாட்டுதற்கு நமக்குப் பழகிய மலையொன்றை எடுத்துக்கொள்ளாது, உலகின் மறுகோடியிலுள்ள மலைநாடொன்றை எடுத்துக்கொள்கின்றோம். அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென் டக்கோட்டா மாநிலத்தில் ஸ்டேர்ஜிஸ் என்னும் சிற்றூர் உளது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத்தில் மோட்டார்ச் சைக்கிள் ஓட்டுநர் அங்கே இலட்சக்கணக்கிற் கூடுவர். அக்கூட்டத்துக்குச் செல்லும் மலைவழிகள் உலகப் புகழ் வாய்ந்தவை. நம் பழைய மாணவர் பலர் இன்று வட அமெரிக்காவிற் குடியேறி வாழ்கின்றனர். அவருள் ஒருவர் அவ்வழிகளில் ஓட்டிச் சென்றவர், விடுமுறையில் ஊர் வந்தபோது எமக்கு அவற்றை விரித்துரைத்தார். அவர் கூறக் கேட்டவற்றோடு நூல்களிற் கண்டவற்றையுஞ் சேர்த்து ஈண்டு எழுதுகின்றோம். பாடசாலை வாயிலிலே மோட்டார்ச் சைக்கிளை நிறுத்திவிட்டு வகுப்புக்கு வரும் உயர்வகுப்பு மாணவர்க்கு இப்பொருள் இனிக்கும் என்பதையும் அறிவோம்.

முதலிற் கூட்டத்தின் வரலாறு. ஜாக்பைன் ஜிப்சீஸ் என்னும் ஓட்டுநர் கழகம் 1938ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஸ்டேர்ஜிஸ் ஊரில் ஓர் ஓட்டப்பந்தயத்தை நடத்திற்று. இந்தியன் என்னும் மோட்டார்ச் சைக்கிளை விற்கும் வணிகராகிய கிளாரன்ஸ் ஹோல் அதற்கு முன்னின்றார். முதற்பந்தயத்தில் ஓடியவர் ஒன்பதின்மரே. இரண்டாம் உலகப் போரின்போது பெற்றோல் பங்கீட்டினால் 1942இல் அது நடைபெறவில்லை. பின்னர் ஆண்டுக்கு ஆண்டு பெருகி, 75ஆவது கூட்டம் நிகழ்ந்த 2015இல் வந்தோர் தொகை ஏழு இலட்சத்தைக் கடந்தது என்று மதிப்பிட்டனர். அவ்வூரின் நிலையான குடிமக்களோ ஏறத்தாழ 7,000 பேர். ஒருவர்க்கு நூற்றுவர் விருந்தினர் என்றால் அவ்வூரின் நிலையை உய்த்துணர்க. இத்துணைப் பெருங்கூட்டத்திற் கலந்து திரும்பியவர்களுட் பலர், ஊரிலே கண்ட ஆரவாரத்தைக் காட்டிலும் ஊருக்கு வந்த வழியையே நெடிது பேசுகின்றனர். அவ்வழி எத்தகையது என்பதை இனி நோக்குவோம்.

மேற்கேயிருந்து வருவோர் முதலில் அடைவது பெயர்டூத் நெடுஞ்சாலை. மொன்டானா மாநிலத்தின் ரெட் லொட்ஜ் என்னும் ஊரிற் றொடங்கி, யெலோஸ்ரோன் தேசியப் பூங்காவின் வடகீழ் வாயிலை நோக்கி 68 மைல் செல்லும் இச்சாலை 1936இற் றிறக்கப்பட்டது. அதன் உச்சி 10,947 அடி உயரமுடையது. நம் நாட்டின் மிகவுயர்ந்த மலையாகிய பிதுருதலாகலையின் உயரம் 8,281 அடி. அதன் முடிக்கு மேல் மேலும் 2,600 அடிக்கு மேற் சென்ற இடத்தில் ஒரு சாலை ஓடுகின்றது என்றால், அக்காட்சி எத்தகையதாயிருக்கும்! மரங்கள் வளராத உயர்நிலம் அது. புல்லும் பாறையும் நீலச் சுனைகளுமே அங்குள்ளன. மே மாத இறுதியிற் பனிச்சுவரை அறுத்து வழி திறப்பர். ஒக்டோபரில் மீண்டும் பனி மூடிவிடும்.

அவ்வுச்சியினின்று இறங்கியபின் தென்கிழக்கே கோடி என்னும் ஊரை நோக்கித் திரும்புவோர் செல்லும் சாலைக்குச் சீஃப் ஜோசப் நெடுஞ்சாலை என்று பெயர். ஆழ்ந்த பள்ளத்தாக்குகளையும் அடுக்கடுக்கான வளைவுகளையும் உடைய அவ்வழியின் எழிலைப் புகழாத ஓட்டுநர் இலர். ஆனால் ஜோசப் என்பார் யார் என்று வினாவுவார் அவருட் சிலரே. அவர் நெஸ் பேர்ஸ் என்னும் பழங்குடியின் தலைவர்களுள் ஒருவர். 1877ஆம் ஆண்டில், பிறந்த மண்ணைவிட்டுச் சிறிய ஒதுக்குநிலத்துக்குப் போகுமாறு அரசு அக்குடியினரை வற்புறுத்திற்று. போர் மூண்டது. பெண்டிரும் பிள்ளைகளும் முதியோரும் உடன்வர, படையினர் பின்றொடர, அக்குடியினர் ஆயிரம் மைலுக்கு மேல் மலைகளைக் கடந்து சென்றனர். இன்று இன்பச் செலவுக்குரியதாய் விளங்கும் அம்மலைப்பகுதியும் அவர் உயிர்தப்பச் சென்ற வழியில் உள்ளதே. கனடா எல்லையை அணுக ஏறத்தாழ 40 மைல் இருக்கையில் அவர்கள் சரணடைந்தனர். கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு இரவில் நடத்தல் யாது என்று அறிந்த நம்மவர்க்கு இதற்கு மேல் உரை வேண்டா. சாலையின் பெயர்ப்பலகையில் அத்தலைவர் பெயர் இருக்கின்றது. பெயரின் பின்னுள்ள வரலாற்றைக் கூறுதல் வழி கூறுவாருடைய கடன்.

கோடியைக் கடந்து கிழக்கே சென்றால் வயோமிங் மாநிலத்தின் பிக் ஹோர்ன் மலைத்தொடர் குறுக்கே நிற்கும். அதனை ஏறிக் கடக்கும் சாலைகள் மூன்று. அவற்றுள் 14ஏ என்னும் எண்ணுடையது மிகச் செங்குத்தானது. நூறு அடி செல்லப் பத்து அடி ஏறும் சரிவுகள் அதில் உள. பிரேக்கு வலியிழந்த பாரவண்டிகள் புகுந்து நிற்பதற்கென மணலும் பரலும் இட்ட ஒதுக்குவழிகளை அங்கே அமைத்திருக்கின்றனர் என்றால், அச்சரிவின் கொடுமை விளங்கும். அவ்விறக்கத்திற் பிரேக்கையே நம்பி ஓயாது அழுத்துவோனுக்கு அது சூடேறிப் பிடியிழக்கும். தாழ்ந்த கியரில் வைத்து எஞ்சினின் தடையாலேயே விரைவைக் குறைப்பவன் இடரின்றி இறங்குவான்.

அச்சாலையின் அருகே, 9,600 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், மருந்துச் சக்கரம் எனப் பெயரிய ஒரு பழைய கல்வட்டம் உளது. ஏறத்தாழ 80 அடி குறுக்களவும், நடுவினின்று விளிம்புவரை 28 ஆரக்கால் வரிசைகளும் உடையது. பழங்குடியினர் பலர் இன்றும் அதனைப் புனிதத் தலமாகப் போற்றி அங்கே வழிபடுகின்றனர். அங்கு வருவோர், நடக்க இயலாதார் ஒழிய, தம் ஊர்தியை ஒன்றரை மைலுக்கு அப்பால் நிறுத்திவிட்டு நடந்தே செல்லல் வேண்டும். இவ்விதி எமக்கு மிகவும் பிடித்தது. எந்த உயர்ந்த பொருளுக்கும் அருகே செல்லுமுன் மனிதன் சிறிது நடத்தல் நன்று. நடக்குங்கால் மூச்சு வாங்கும். மூச்சு வாங்குங்கால் பேச்சு அடங்கும். பேச்சு அடங்கியபின் காற்றின் ஒலி கேட்கும்.

பிக் ஹோர்ன் மலையிறங்கிச் சமவெளியைக் கடந்து வருவோர்க்கு, 867 அடி உயரமாய் ஒற்றைத் தூண்போல் நிமிர்ந்து நிற்கும் டெவில்ஸ் டவர் என்னும் பாறை தோன்றும். 1906இல் அந்நாட்டின் முதலாவது தேசிய நினைவுச் சின்னமாக அது பிரகடனஞ் செய்யப்பட்டது. ‘பேயின் கோபுரம்’ என்று பொருள்படும் அப்பெயர் வந்தேறிகள் இட்டது. லக்கோட்டா மக்கள் அதனைக் கரடியின் உறைவிடம் என்பர். ஜூன் மாதம் அவர்களுடைய சடங்குகளுக்குரிய காலமாதலின், அம்மாதத்தில் எவரும் பாறையேறாதிருக்குமாறு 1995 முதல் வேண்டுகோள் விடுக்கப்பட்டு வருகின்றது. அது சட்டமன்று, வேண்டுகோளே. பலர் அதனை மதித்து நடக்கின்றனர். சிலர் மதியாது ஏறுகின்றனர். ஏறாதிருப்பவனும் அம்மலையை நன்கு கண்டவனே என்பது எமது கருத்து.

இனி, கூட்டத்துக்குரிய மலைநாடாகிய பிளாக் ஹில்ஸ் என்னும் கருங்குன்றுகளை அடைவோம். தொலைவினின்று நோக்குவார்க்குப் பைன் மரச் செறிவால் அக்குன்றுகள் கருமையாய்த் தோன்றுமாதலின் இப்பெயர் பெற்றன. வடக்கே ஸ்பியர்ஃபிஷ் பள்ளத்தாக்கின் வழியாக ஏறத்தாழ 20 மைல், சுண்ணாம்புக்கற் சுவர்களுக்கிடையில் ஓர் ஓடையோடு உடன்செல்லும் சாலை உளது. தெற்கே, கஸ்டர் மாநிலப் பூங்காவினுள்ளும் அதன் புறத்தும், நீடில்ஸ் நெடுஞ்சாலை, அயன் மவுண்டன் சாலை என்னும் இரண்டும் உள்ளன. வழி அமைத்தலையே ஒரு கலையாக்கிக் காட்டியவை இவ்விரண்டும்.

இவற்றை அமைப்பித்தவர் பீற்றர் நோர்பெக் என்பவர். 1917 முதல் 1921 வரை தென் டக்கோட்டாவின் ஆளுநராகவும், அதன்பின் 1936இல் இறக்கும்வரை செனற் சபை உறுப்பினராகவும் இருந்தவர். பொறியியல் கற்றுத் தேர்ந்தவரல்லர். கிணறு துளைக்கும் தொழில் செய்து முன்னுக்கு வந்தவர். கிணற்றை நம்பி வாழும் யாழ்ப்பாணத்தார்க்கு அவர்மேல் ஓர் உறவுணர்ச்சி எழுதல் இயல்பே. அவர் அறையிலிருந்து வரைபடத்திற் கோடு கீறவில்லை. காட்டினுள் நடந்தும் குதிரையிற் சென்றும், எவ்விடத்தில் நின்றால் எக்காட்சி தோன்றும் என்று தம் கண்ணாற் கண்டு வழியைக் குறித்தார். சாலை பொறியியலார் இருவர் அவர் எண்ணத்துக்கு உருக்கொடுத்தனர். ஊசிபோன்ற கருங்கற் கூர்களின் ஊடே 14 மைல் செல்லும் நீடில்ஸ் சாலை 1922இல் நிறைவெய்திற்று. அதிலுள்ள சுரங்கவழியொன்றின் அகலம் எட்டே அடி. 17 மைல் நீளமுள்ள அயன் மவுண்டன் சாலையிலோ 314 வளைவுகள் உள்ளன என்பர். ஏற்றத்தைக் கடக்கச் சாலை தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, தன் தலைக்கு மேலேயே மரப்பாலமாய்ச் செல்லும் சுருள்வழிகளும் அங்கே உண்டு. சுரங்கவழியினுள் நுழைந்து வெளிவருங்கால், சட்டமிட்ட படம்போல, ரஷ்மோர் மலையிற் செதுக்கிய குடித்தலைவர் நால்வர் முகங்கள் எதிரே தோன்றும்.

மலையைக் குடைந்து நேர்வழி அமைப்பதே பொறியியலின் வெற்றி என்பார் உளர். நோர்பெக் அதற்கு மாறாக எண்ணினார். மணிக்கு 20 மைலுக்கு மேல் விரைவாற் செல்பவன் இவ்வழியின் எழிலைப் பாதியளவும் காணான். முழுதுங் காணவேண்டுபவன் இறங்கி நடத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆதலின் விரைய இயலாத வழியையே அவர் வேண்டுமென்று அமைத்தார். விரையாதே என்று பலகையில் எழுதி வைப்பது எளிது. அப்பலகையை எவரும் படியார். விரைய முடியாதபடி வழியையே வளைத்து வைத்தவன் பேரறிஞன். எட்டடிச் சுரங்கத்தின் வாயிலில் எதிர்வருவோன் கடக்கும்வரை காத்து நிற்கும் ஓட்டுநன், தன்னையறியாமலே பொறுமை கற்கின்றான்.

எழிலைக் கூறினோம். இனி இடரைக் கூறல் வேண்டும். மோட்டார்ச் சைக்கிள் இருசில்லு ஊர்தி. ஓட்டுநனைச் சுற்றிச் சுவரில்லை, கூரையில்லை. அதனாலேயே மலைக்காற்றும் பைன் மரமணமும் நேரே அவனை எய்துகின்றன; அதனாலேயே வீழ்ச்சியும் நேரே அவனை எய்துகின்றது. வளைவிலே ஊர்தி சாய்ந்துதான் திரும்பும். சாய்ந்த நிலையிலே தரையைப் பற்றி நிற்பன, உள்ளங்கையளவினவாகிய இரண்டு றப்பர்ப் பரப்புகளே. அவ்விடத்திற் சிறிது பரல் கிடப்பினும் பிடி நழுவும். வளைவினுள் நுழையுமுன்னரே விரைவைக் குறைத்துக்கொள்ளல் வேண்டும். நுழைந்தபின் பிரேக்கை இறுக்குபவன் இடரை அழைப்பவன். விரைவு இருமடங்காயின் ஊர்தியை நிறுத்த வேண்டிய தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும் என்பதை இயற்பியல் படிக்கும் மாணவர் அறிவர். பரீட்சையில் அதனை எழுதுபவர், வழியில் அதனை நினைப்பரோ என்பதே எமது கவலை. இவற்றோடு, அம்மலைநாட்டில் மாலையிற் கல்மழை பொழியும். வளைவின் அப்பால் ஆயிரம் இறாத்தலுக்கு மேல் நிறையுள்ள காட்டெருது சாலை நடுவே நிற்கும்.

அக்கூட்டத்தின் நாள்களில் ஆண்டுதோறும் உயிர்கள் சில இவ்வழிகளில் மாய்கின்றன. ஆயினும் தென் டக்கோட்டாவில் 18 வயது நிரம்பியோர்க்குத் தலைக்கவசம் கட்டாயமன்று. தலைக்கவசமின்றிச் செல்லுதலை விடுதலை என்று சொல்லிப் பெருமை கொள்வார் அங்குப் பலர். இஃது எமக்கு உடன்பாடன்று. எமது ஆசிரியப் பணிக்காலத்தில், முன்னாள்வரை வகுப்பில் முன்வாங்கிலே இருந்து இலக்கணம் ஒப்புவித்த மாணவனது வீட்டு முற்றத்தில், வெள்ளைக்கொடியின்கீழ் நின்றதுண்டு. அது மலைவழியுமன்று, வளைவுமன்று; நேரான தார் வீதி. தலைக்கவசம் ஊர்தியின் கைபிடியிலே தொங்கிற்று. அம்முற்றத்தில் நின்றபின், விரைவை வீரம் என்று பாடும் எப்பாட்டும் எமக்கு இனிக்கவில்லை. ஆதலின், வளைவுகளின் தொகையை மட்டும் எண்ணிக் கூறி இளைஞரை அழைக்கும் வழிகாட்டி நூல்களை யாம் குறைநூல்கள் என்போம்.

மூன்றாவது, உரிமை. இதனையே வழி கூறுவார் பெரிதும் மறந்துவிடுகின்றனர். கருங்குன்றுகளை லக்கோட்டா மக்கள் பஹா சாபா என்று அழைத்து, தம் வாழ்வின் நடுவிடமாகப் போற்றினர். 1868ஆம் ஆண்டு லரமிக் கோட்டையிற் செய்த உடன்படிக்கையால், அக்குன்றுகள் அவர்களுக்கே உரியன என்று ஐக்கிய நாட்டு அரசு எழுதிக் கொடுத்தது. வயதுவந்த ஆடவருள் நான்கில் மூன்று பங்கினர் கையொப்பமிட்டாலன்றி அந்நிலத்தின் எப்பகுதியும் கைமாறாது என்பது அதன் நிபந்தனை. 1874இற் படைத்தலைவர் கஸ்டரோடு சென்ற குழுவினர் அங்கே பொன் இருத்தலைக் கண்டனர். 1877இல் அந்நிபந்தனை நிறைவேறாமலே குன்றுகள் கைப்பற்றப்பட்டன. நெடுங்காலம் வழக்காடியபின், 1980இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம் அச்செயல் முறையற்றது எனக் கண்டு, பத்துக்கோடி டொலருக்கு மேல் இழப்பீடு பெற அவர்க்கு உரிமையுண்டு எனத் தீர்த்தது. லக்கோட்டா மக்கள் அதனை ஏற்றிலர். வட்டியோடு வளர்ந்து அத்தொகை இன்று நூறு கோடி டொலரைக் கடந்துவிட்டது. வறுமை மிக்க ஒதுக்குநிலங்களில் வாழும் அவர்கள், மண்ணை விற்றோம் என்று கையொப்பமிடுதற்கு ஒருப்படாது, அப்பணத்தைத் தொடாதிருக்கின்றனர். அக்குன்றுகளின் ஊடே செல்லும் ஒருவனுக்கு, முந்நூறு வளைவுகளைப் பற்றிச் சொல்லிவிட்டு இதனைச் சொல்லாது விடுதல் தகுமோ?

ஸ்டேர்ஜிஸ் ஊருக்கு வடகிழக்கே சில மைல் தொலைவில், சமவெளியிலே தனித்தெழுந்து நிற்கும் பெயர் பியூட் என்னும் மலை, லக்கோட்டா, சையென் முதலிய குடியினரின் தவமலை. உண்ணாநோன்பிருந்து வழிபட அவர்கள் இன்றும் அங்கே வருகின்றனர். மலைமேற் செல்லும் நடைவழியின் மருங்கே உள்ள மரங்களிற் பல நிறத் துணிகள் கட்டப்பட்டிருக்கும். அவை அவர்தம் வேண்டுதலின் அடையாளங்கள். மரத்திலே நேர்த்திச் சீலை கட்டும் வழக்கமுடைய நமக்கு அதன் பொருள் விளக்க வேண்டா. கூட்ட நாள்களில் எஞ்சின்களின் முழக்கம் அம்மலைவரை எட்டுகின்றது. 2006இல் மலைக்கு அணித்தாகப் பெரிய மதுச்சாலையும் இசைக்களமும் அமைக்கும் முயற்சி எழுந்தபோது, பழங்குடியினர் பலர் திரண்டு எதிர்த்தனர். மலையில் எழும் ஓசைகளையே பெயராகக் கொண்ட நூலைப் பயிற்றுவிக்கும் எமக்கு, மலையின் ஓசையை அடக்கிவிடும் ஓசை எதுவாயினும் அது சிறுமையாகவே தோன்றுகின்றது.

“இவ்வாறாயின் அங்கே செல்லுதலே தவறன்றோ? நோர்பெக்கின் சாலைகளும் வெடிவைத்து மலையைப் புண்படுத்தி அமைத்தவையன்றோ?” என்று வினவுவார் உளர். வினா நேரியதே. அச்சாலைகள் இல்லையாயின் இத்துணைப் பெருங்கூட்டம் அம்மலைக்கு ஏறியிராது என்பதும் உண்மையே. ஆயினும், செல்லற்க என்று யாம் கூறோம். செல்லாதவன் அறியான், அறியாதவன் மதியான். அக்குன்றுகளின் மிகவுயர்ந்த சிகரம் நெடுங்காலம் ஹார்னி என்னும் படைத்தலைவர் பெயரால் வழங்கிற்று. அவர் 1855இல் லக்கோட்டா மக்களின் குடியிருப்பொன்றைத் தாக்கிப் பெண்டிரும் பிள்ளைகளும் மடியக் காரணமானவர். 2016இல் அப்பெயரை நீக்கி, லக்கோட்டாப் பெரியாராகிய பிளாக் எல்க் பெயரை அச்சிகரத்துக்குச் சூட்டினர். ஒரு மலையின் பெயர் திருந்துதற்கும் அதனை அறிந்தவர் பெருகல் வேண்டும். ஆதலின் செல்க, மெல்லச் செல்க, இறங்கி நடக்க வேண்டிய இடத்தில் இறங்கி நடக்க, இஃது யாருடைய மலை என்று வினவிச் செல்க.

மோட்டார்ச் சைக்கிளைப் பற்றிக் கூறிய இம்முறை, வேறொரு வழிகூறலுக்கும் பொருந்தும் என்பதைச் சுட்டி இக்கட்டுரையை முடிப்போம். இவ்விழா மலரைப் படிக்கும் பழைய மாணவருள் பாதிக்கு மேற்பட்டோர் கடல் கடந்து வாழ்பவர். அவர்கள் ஊர் வருங்கால் மாணவர் சூழ்ந்து நின்று, தாங்கள் செல்லவேண்டிய வழியை வினவுகின்றனர். அப்போது சொல்லப்படுவன யாவை? பெருவீதிகளும், பனிமலைகளும், புதிய ஊர்தியும், அவற்றின் நிழற்படங்களும். எழில் ஒன்றே கூறப்படுகின்றது. இரவு வேலை முடிந்து பனியிலே பேருந்துக்குக் காத்து நின்றதும், தனியறையிற் காய்ச்சலோடு கிடந்ததும், கடன் தீர்த்த ஆண்டுகளும் கூறப்படுவதில்லை. தாம் குடியேறிய மண்ணில் தமக்கு முன் வாழ்ந்தவர் யார், அவர் இன்று எந்நிலையில் உள்ளார் என்பதும் கூறப்படுவதில்லை. இதனைக் குறையாகக் கூறுகின்றோமல்லேம். தாம் பட்ட துன்பத்தைப் பிள்ளைகள்முன் மறைத்தல் அன்பின் இயல்பே. ஆனால் அவ்வன்பினால் வழிதவறிப் போகின்றவர் அப்பிள்ளைகளே.

முன் சென்ற மாணவர் பின் செல்லும் மாணவர்க்குக் கூறும் ஆற்றுப்படையே பழைய மாணவர் சங்கத்தின் தலையாய பணி என்று யாம் எண்ணுகின்றோம். கட்டடத்துக்கு நிதி தருதலும், பரிசில் வழங்குதலும் அதன்பின் வைக்கத்தக்கனவே. ஆதலின் அன்புடைய பழைய மாணவர்காள்! விழாவுக்கு வருங்கால், விருந்து மண்டபத்துக்குச் செல்லுமுன் உயர்வகுப்பு அறையொன்றினுள் சிறிது நேரம் அமர்மின். நீவிர் சென்ற வழியின் எழிலைக் கூறுமின், இடரைக் கூறுமின், அம்மண்ணுக்கு உரியவர் யாவர் என்பதையும் கூறுமின். கேட்டபின், செல்வதோ நிற்பதோ, எவ்வழியிற் செல்வது என்பதோ அவர்தம் துணிபாகுக. மாணவர்காள்! நீவிரும் கேட்பதை நிறுத்தற்க. கேட்டபின் புறப்படுங்கால் தலைக்கவசத்தைக் கைபிடியில் மாட்டாது தலையில் அணிமின்.